மாதா நீலத்தில் ஓர் ஆமி வாகனம்

நினைவு மலர்க் கட்டுரைகள் பெரும்பாலும் வயலும் குளமும் கோவிலும் சூழ்ந்த ஓர் ஊரைச் சொல்லித் தொடங்கும். எங்கள் அண்ணாவுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. அவர் பிறந்தது கொட்டாஞ்சேனையில். கோவில் இருந்தது. வயலுக்குப் பதிலாகத் துறைமுகத்துக் களஞ்சியங்கள் இருந்தன. குளத்துக்குப் பதிலாக வீட்டு வாசலில் ஒரு கழிவுநீர்க் கான் ஓடியது. மழைக்காலத்தில் அது எங்கள் அடுப்படி வரைக்கும் வந்து சுகம் விசாரித்துவிட்டுப் போகும்.

அண்ணா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த மலருக்கு யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது அண்ணி என்னைப் பார்த்தார். "மச்சாள், நீங்களே எழுதுங்கோ. எழுதிற சாட்டில அவரைப் பகிடி பண்ணுவீங்கள், தெரியும். பரவாயில்லை, அவருக்கும் அதுதான் விருப்பம்" என்றார். அண்ணாவின் நற்குணங்களை மற்றப் பக்கங்களில் மற்றவர்கள் அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் அவருடைய பிக்கப்பைப் பற்றி எழுதப்போகிறேன். அண்ணாவைச் சொல்ல அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்பா ஊர்காவற்றுறையிலிருந்து துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு வந்தவர். அம்மா மன்னார். அவர்களுக்கு அண்ணாவும் நானும் என இரண்டு பிள்ளைகள். அண்ணா பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரர் என்று எழுதினால் அவரே எழுந்து வந்து வெட்டிவிடுவார். ஆனால் பழுதான எதையும் அவரால் அப்படியே விட்டுவிட முடியாது. மற்றவர்கள் கழித்துவிட்ட மின்விசிறி, ஓடாத மணிக்கூடு, பேசாத வானொலி எல்லாம் எங்கள் வீட்டுக்கு அகதியாக வந்து சேரும். பாதி திருந்தும். மீதி கட்டிலுக்குக் கீழே இருக்கும். அம்மா கூட்டும்போது ஒவ்வொரு நாளும் ஒரு ஆணியாவது விளக்குமாற்றில் அகப்படும்.

அண்ணா உயர்தரம் படித்த சண்டைக் காலத்தில் வெள்ளவத்தைக்கு ரியூசனுக்குப் போய்வருவார். ஒரு மாலை திரும்பி வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தி இளைஞர்களை இறக்கினார்கள். அண்ணாவின் அடையாள அட்டையில் பிறந்த இடம் கொழும்பு என்றுதான் இருந்தது. பெயர் எங்கள் பெயராக இருந்தது. இன்னும் சிலரோடு அவரையும் பச்சை நிற பிக்கப் ஒன்றின் பின்னால் ஏற்றிக் கொண்டுபோனார்கள். இரண்டு இரவுகள் அவர் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. அப்பாவும் பங்குச் சுவாமியும் பொலிஸ் நிலையம் பொலிஸ் நிலையமாக அலைந்தார்கள். அம்மா வாசலில் நின்றார். பக்கத்து வீட்டுச் சிங்கள ஐயா ஒருவரும் கூடப் போய்க் கதைத்த பிறகு அண்ணாவை விட்டார்கள். வீட்டுக்கு வந்தவர், "ஒண்டும் செய்யேல்ல அம்மா, சோறும் தந்தவங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் எங்களிடம் பேசவில்லை.

அண்ணா அதை விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தோம். அம்மாவால் விட முடியவில்லை. அன்றிலிருந்து தெருவில் பச்சை வாகனம் ஒன்று மெதுவாகப் போனாலே அம்மாவின் கை நடுங்கும். கையில் தேநீர்க் கோப்பை இருந்தால் அது கிலுகிலுக்கும். சண்டை முடிந்தது, சாவடிகள் எடுபட்டன, வெள்ளவத்தையில் மாடி வீடுகள் முளைத்தன, கொம்பனித்தெருவில் அதைவிட உயரமானவை முளைத்தன. அம்மாவின் கை மட்டும் மாறவில்லை. அப்பா காலமான பிறகு அவர் பூசைக்கும் என் வீட்டுக்கும் தவிர எங்கும் வருவதில்லை. கடற்கரைக்குப் போவோம் என்றால், "கடல் அங்கதானே இருக்கும்" என்பார்.

அண்ணா ஒரு கப்பற்கம்பனியில் நீண்ட காலம் வேலை பார்த்தார். குடும்பத்தைத் தாங்கினார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்த பிறகே தனக்குச் செய்துகொண்டார். பிறகு வேலையை விட்டுவிட்டுக் கதிரை, மேசை, கூடாரம் வாடகைக்குக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார். கொட்டாஞ்சேனையில் பிறப்புக்கும் இறப்புக்கும் முதல் நற்கருணைக்கும் அவருடைய கதிரைகள்தான் போகும். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதருக்கு அந்தத் தொழில் பொருத்தமோ என்று நாங்கள் யோசித்தோம். ஆனால் சந்தோஷமாகச் செய்தார். கதிரைகளை ஏற்றி இறக்க ஒரு வாகனம் மட்டும் அவருக்குத் தேவைப்பட்டது.

அது வெளிநாட்டு வாகனங்கள் வருவதை நிறுத்தி வைத்திருந்த காலம். பழைய வாகனங்கள் ஆனைவிலை குதிரைவிலை விற்றன. ஒரு நாள் அண்ணா என் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்து, நாட்டு நிலைமை எல்லாம் கதைத்துவிட்டு, எழும்பும் நேரத்தில் சொன்னார்.

"தங்கச்சி, ஆமி கழிச்ச வாகனங்களை ஏலத்தில விடுறாங்கள். ஒரு பிக்கப் பார்த்து வச்சிருக்கிறன். டீசல். ஃபோர் வீல். என்ஜின் கல்லு மாதிரி."

"அண்ணா, அம்மா வீட்டில இருக்கிறா எண்டது ஞாபகம் இருக்கோ?"

"ஞாபகம் இருக்கிறதாலதான் உன்னட்ட முதல் சொல்லுறன்."

ஏலத்தில் வாகனம் அவருக்கே விழுந்தது. அதை எடுத்துவரப் போன நாளில் நானும் கூடப் போனேன். என் சிங்களம் அவருடையதைவிடச் சுத்தம் என்பது என் எண்ணம். முகாம் வளவில் கழித்த வாகனங்கள் வரிசையாகப் புல்லுக்குள் நின்றன. எங்களுடையதை ஓர் இளம் படைவீரர் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் பொனற்றைத் தட்டிக்கொடுத்து, சாவியை இரண்டு கைகளாலும் கொடுத்தார். பிறகு கதவில் கையை வைத்து, "அய்யே, இதில் லயிட் சுவிட்ச் இருக்கிறதே, அது..." என்று அண்ணன் முறை வைத்துச் சிங்களத்தில் ஏதோ விளக்கத் தொடங்கினார்.

அண்ணா அவரை முடிக்க விடவில்லை. "ஹரி ஹரி மல்லி, போஹொம ஸ்துதி" என்று தம்பி முறை வைத்து நன்றியைச் சொல்லி, கதவைச் சாத்தி, வாகனத்தை எடுத்துவிட்டார். பயமெல்லாம் போய்விட்டது என்று ஊருக்குச் சொல்லும் அண்ணா, அந்த வாயிலைத் தாண்டும்வரை மூச்சை விட்டதாக எனக்குத் தெரியவில்லை. நானும் விடவில்லை. ஆமி முகாமுக்குள் தேவைக்கு மேல் ஒரு நிமிடம் நிற்பது எங்கள் உடம்புக்குப் பழக்கமில்லை. அவர் சொல்ல வந்ததைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இரண்டு பக்கம் குறைந்திருக்கும்.

பேலியகொடைப் பக்கம் வந்தபோதே முதல் குறை தெரிந்தது. ஹோர்ன் அடிக்கவில்லை. கொழும்பில் பிரேக் இல்லாமல்கூட ஓட்டிவிடலாம், ஹோர்ன் இல்லாமல் முடியாது. அண்ணா வலக்கையை வெளியே விட்டுக் கதவில் தாளம் போட்டுக்கொண்டு ஓட்டினார். நான் இடப்பக்கக் கதவில் தட்டினேன். கச்சேரிக்குப் போகிற கோஷ்டி மாதிரித்தான் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தோம்.

அம்மா யன்னலால் பார்த்தார். பச்சை பிக்கப் வாசலில் நின்றது. அதிலிருந்து இறங்கியவர் அவருடைய மகன். அம்மா யன்னலைச் சாத்தினார். அன்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் பேசினார்.

"நீ அதில கதிரை ஏத்து, கல் ஏத்து, என்னத்தையும் ஏத்து. என்னை ஏத்த நினைக்காதே. செத்தாலும் அதில ஏறமாட்டன்."

"சரி அம்மா" என்றார் அண்ணா. சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது என் காதருகில் குனிந்து, "அம்மாவை முன் சீற்றில வச்சு ஹெந்தளைக் கடற்கரைக்குக் கொண்டு போகாட்டி நான் இதை வாங்கினதில அர்த்தமில்லை" என்றார். கதிரைத் தொழில் ஒரு சாட்டு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பொதுமக்கள் இராணுவ நிறத்தில் வாகனம் வைத்திருக்க முடியாது, நிறத்தை மாற்ற வேண்டும். அண்ணா அம்மாவுக்காகவே நிறத்தைத் தெரிவுசெய்தார். மாதா சுரூபத்தின் மேலங்கி என்ன நீலமோ அதே நீலம். பூசி முடித்து வந்து நின்றபோது எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுவதும், கூடிப் பார்த்தது. உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது. அம்மா வாசற்படியில் நின்றபடி எட்டிப் பார்த்தார். திறந்திருந்த கதவுக்குள்ளே பழைய பச்சை தெரிந்தது.

"மாதா நீலம் அடிச்சா சரியோ? உள்ளுக்குப் பச்சைதானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணா அடுத்த நாளே ஒரு பேணி நீலப் பெயின்றையும் தூரிகையையும் வாங்கிவந்து உள்ளே இறங்கினார். கதவின் உட்புறம், சீற்றின் கால், டாஷ்போர்ட், பொனற்றின் அடிப்பக்கம், ஒன்றையும் விடவில்லை. பச்சை தெரிந்த இடத்தில் எல்லாம் நீலம் பூசினார். எண் தெரிந்த இடத்தில் பூசினார். எழுத்துத் தெரிந்த இடத்தில் இரண்டு பூச்சுப் பூசினார். ஆமியின் ஓர் எழுத்துக்கூட மிஞ்சக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அண்ணியின் தலைமுடியில்கூட இரண்டு நாள் மாதா நீலம் இருந்தது.

அதன் பிறகுதான் எங்கள் சோதனைக் காலம் ஆரம்பமானது. ஒரு நாள் வாகனம் ஸ்டார்ட் ஆகும், மறுநாள் ஆகாது. மாளிகாவத்தையில் இருக்கும் ரியாஸ் நானா அண்ணாவோடு கப்பற்கம்பனியில் ஒன்றாக வேலை செய்தவர். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் தம்பியையும் கூட்டிக்கொண்டு அவர் வந்தார். பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "மச்சான், இதுல ரெண்டு பெட்டரி ஈக்கி. ரெண்டும் சேந்து இருவத்திநாலு வோல்ட். ஒண்டு மவுத்தாகி எத்தின காலமோ" என்றார். செத்த பற்றரியை மாற்றியதும் அந்த வருத்தம் தீர்ந்தது.

அடுத்ததாக, கொஞ்ச தூரம் ஓடியதும் என்ஜின் இருமி இருமி நிற்கத் தொடங்கியது. ஆமர்வீதிச் சந்தியில் ஒரு முறை நடுத்தெருவில் நின்றே விட்டது. ஹோர்ன் இல்லாத வாகனத்துக்குப் பின்னால் கொழும்பின் ஹோர்ன் எல்லாம் சேர்ந்து அடித்தன. டீசல் தாங்கிக்குள் படிந்திருந்த துரு வந்து டீசல் ஃபில்ற்றரை அடைத்திருக்கிறது. தாங்கியை இறக்கிக் கழுவி, ஃபில்ற்றர் மாற்றி, குழாய்க்குள் நின்ற காற்றை எடுத்த பிறகு அதுவும் சரியானது.

லயிட்தான் சரிவரவில்லை. தலைவிளக்கு எரியாது. பிரேக் மிதித்தால் பின்னால் சிவப்பு வராது. ஹோர்ன் அடிக்காது. சுவிட்சைப் போட்டால் முன் பம்பருக்குக் கீழே எங்கோ ஒரு மூலையில் சின்னப் பல்ப் ஒன்று மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு எரியும். வயரிங் வேலை செய்யும் பாஸ் ஒருவர் வந்து ஃபியூஸ் எல்லாம் பார்த்தார், நல்லது என்றார். இன்னொருவர் வந்து வயரை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டார், எதிலும் பிழை காணாமல் திரும்ப உள்ளே வைத்தார். பொறுமை இழந்த அண்ணா கடையில் ஒரு சாதாரண ஹோர்ன் வாங்கி நேரே பற்றரியில் கொடுத்தார். இருபத்திநாலு வோல்ட் என்பதை ஆர்வத்தில் மறந்துவிட்டார். அது ஒழுங்கை அதிர ஒரு முறை ஊளையிட்டு உயிரை விட்டது. பூனைகள் அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை.

லயிட் இல்லாமல் வாகனப் பரிசோதனையில் தேறாது. தேறாவிட்டால் அண்ணாவின் பெயருக்குப் பதிய முடியாது. பதியாவிட்டால், ஏலத்தில் தந்த தற்காலிக அனுமதி முடிந்ததும் தெருவில் ஓட்ட முடியாது. திருநாள் காலம் நெருங்கியது. அண்ணா கதிரைகளைத் திரும்பவும் வாடகை லொறியில் ஏற்றி அனுப்பினார். நீல வாகனம் வாசலில் நின்றது. அம்மா யன்னலால் பார்த்து, "நான் சொன்னனான்தானே. அது அவையிட சாமான். எங்களுக்கு ஓடாது" என்பார். வித்துவிடுங்கோ என்று அண்ணியும் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். அண்ணாவின் முகத்தில் ஒரு சோர்வு தெரிந்தது. ஓடாத மணிக்கூட்டைக் கட்டிலுக்குக் கீழே தள்ளும்போது வரும் முகம் அது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பிள்ளைகளோடு கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். அண்ணா வாகனத்துக்குள் குனிந்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். நான் சாரதி சீற்றில் இருந்து, "இதைப் போடட்டோ, அதைப் போடட்டோ" என்று உதவி செய்துகொண்டிருந்தேன். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குப் பிளேன்டீ கொண்டுவந்தார். வந்து வாகனத்தடியில் நின்றதுதான் தாமதம், மழை ஊற்றத் தொடங்கியது. காற்று குடையைப் பிடித்து மேல்நோக்கி மடித்துவிட்டது. அம்மா ஒரு கையில் தட்டமும் மறுகையில் குடையின் கம்பியுமாக நின்றார்.

"ஏறுங்கோ அம்மா!" என்று கத்தினேன். அண்ணா தட்டத்தை வாங்கினார். நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். யோசிக்க நேரம் இருந்திருந்தால் ஏறியிருக்கமாட்டார். கதவைச் சாத்திய பிறகுதான் தான் எங்கே இருக்கிறேன் என்பது அவருக்கு உறைத்தது.

நாங்கள் மூவரும் முன் சீற்றில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். அம்மாவின் கையைத்தான் பார்த்தேன். அது நடுங்கியது. கொஞ்ச நேரம் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று, "இதென்ன அடி அடிச்சு வச்சிருக்கிறாய் தம்பி? கட்டி கட்டியா, அம்மை போட்ட முகம் மாதிரி. பெயின்ற் அடிக்கத் தெரியாட்டி தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுறதுதானே" என்றார். அம்மாவுக்கு அரைகுறை வேலை எதுவும் பிடிக்காது. கொண்டையிலிருந்து ஊசியை உருவி, ஒரு குமிழின் பக்கத்தில் தடித்துக் கிடந்த பெயின்றைச் சுரண்டத் தொடங்கினார். நடுக்கம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. சுரண்டும்போது கை நேராக இருந்தது.

நீலம் செதில் செதிலாக வந்தது. அடியில் ஒரு சின்னத் தகடு தெரிந்தது. தகட்டில் ஆங்கில எழுத்துகள். அம்மா கன்னியர் மடத்தில் படித்தவர். மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி வாசித்தார்.

"இந்தப் பக்கம் நோர்மல் எண்டு கிடக்கு. அந்தப் பக்கம் பிளாக்அவுட்." பிறகு குமிழைப் பார்த்தார். "உன்ர குமிழ் பிளாக்அவுட்டில நிக்குதடா."

அண்ணா கையை நீட்டிக் குமிழைத் திருப்பினார். எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்சங்கள் விழுந்தன. மழைத்தாரை எல்லாம் வெள்ளிக்கம்பி போல் தெரிந்தது. நான் ஹோர்னை அழுத்தினேன். அது அடித்த அடியில் அண்ணி உள்ளேயிருந்து அகப்பையோடு ஓடிவந்தார். பிள்ளைகள் மழைக்குள் இறங்கி ஆடினார்கள். அண்ணா என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, "பின்னால சிவப்பு வருதா பாருங்கோ, வருதா?" என்று கத்தினார். வருகிறது என்று முழு ஒழுங்கையும் பதில் சொன்னது.

ரியாஸ் நானாதான் பிறகு விளக்கினார். இருட்டில் எதிரிக்குத் தெரியாமல் போவதற்கான சுவிட்ச் அது. அதைப் போட்டால் தலைவிளக்கு, பிரேக் லயிட், ஹோர்ன் எதுவும் வேலை செய்யாது. முன்னால் போகும் வாகனத்தைத் தவறவிடாமல் இருக்க அந்த வெட்கப்பட்ட சின்னப் பல்ப் மட்டும் எரியும். வாகனத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. நாங்கள்தான் அதன் பெயரைப் பூசி மறைத்துவிட்டு நாட்டில் உள்ள வயரிங் பாஸ்மாரை எல்லாம் கூப்பிட்டிருக்கிறோம்.

"அந்த மல்லி இதைத்தான் சொல்ல வந்தவன். நான்தான் நிண்டு கேக்கேல்ல" என்று அண்ணா தலையில் கைவைத்துச் சிரித்தார். அம்மா இன்னும் முன் சீற்றில்தான் இருந்தார். டாஷ்போர்டைத் தடவி, "பாவம். இதுக்கு ஒருத்தரும் சண்டை முடிஞ்சதெண்டு சொல்லேல்லையாக்கும்" என்றார். அப்படிச் சொல்லி அவரும் சிரித்தார். முன்பு பச்சையாக இருந்த அந்த வாகனத்துக்குள் இருந்து அம்மா சிரிப்பதை நான் பார்த்தேன். அண்ணா அப்பால் திரும்பிப் பிளேன்டீயைக் குடித்தார். அதில் பாதி மழைத்தண்ணீர், ஆனாலும் முழுவதையும் குடித்தார்.

வாகனம் பரிசோதனையில் தேறியது, பதிவானது. முதல் ஓட்டம் ஹெந்தளைக்கு. அம்மாவை ஏறச்சொல்லி யாரும் கேட்கவில்லை. அவரே நல்ல சேலை உடுத்து வந்து முன்கதவைத் திறக்கும்படி நின்றார். ஏறும்போது சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார், அது விமானத்தில் ஏறினாலும் போடுவார். கடற்கரையில் அண்ணா இறங்கிப் போய்க் கடலை வாங்கிவந்தார். கடதாசிச் சுருளில் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்ட கொண்டைக்கடலை. திரும்ப வந்து சாரதி சீற்றில் ஏறி இருந்துகொண்டுதான் அதைப் பிரித்தார். அலைகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"அம்மா, அண்டைக்கு என்னைக் கொண்டு போகேக்குள்ள முன்னால இருந்த ரெண்டு பேரும் கடலை சாப்பிட்டுக்கொண்டு போனவங்கள். பின்னால எங்களுக்கு மணம் மட்டும் வந்தது. ரியூசனுக்குப் பிறகு நான் ஒண்டும் சாப்பிடேல்லத்தானே. பயத்தை விடப் பசிதான் பெரிசா இருந்தது. என்னண்டாலும் ஒரு நாளைக்கு இப்பிடி ஒரு வாகனத்தில முன்னால இருந்து கடலை சாப்பிட வேணுமெண்டு அண்டைக்கே நினைச்சனான்."

அத்தனை வருடங்களில் அந்த இரவைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அம்மா அவரைப் பார்த்தபடி இருந்தார். கண் நிறைந்துவிட்டது. ஆனால் அம்மா அம்மாதானே.

"கடலை தின்னவோடா இவ்வளவு பெரிய வாகனத்தை வாங்கினனீ?" என்று கேட்டு, சுருளுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். எனக்கு அடியில் கிடந்த மிளகாய்தான் மிஞ்சியது.

அதற்குப் பிறகு வந்தவை நல்ல வருடங்கள். நீல பிக்கப் எங்கள் குடும்பத்தில் ஓர் ஆளாகிவிட்டது. கல்யாணக் கதிரைகள் அதில் போயின. வெள்ளம் வந்தபோது களனிக் கரையில் இருந்தவர்களின் பாய் தலையணைகள் அதில் ஏறின. தட்டுப்பாட்டுக் காலத்தில் டீசல் வரிசையில் நாள்முழுக்க நின்றபோது அண்ணா தன் கதிரைகளையே இறக்கி வரிசையில் நின்றவர்களை இருத்தினார், அம்மா ஃபிளாஸ்கில் தேநீர் கொடுத்தனுப்பினார். காலிவீதியில் அதில்தான் எனக்கு வாகனம் ஓட்டப் பழக்கினார். வெள்ளவத்தைச் சந்தியில் நான் என்ஜினை நிறுத்திவிட்டுத் திகைத்து நின்றபோதும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "அவங்கள் ஹோர்ன் அடிச்சா நீயும் அடி, எங்களட்டயும் இப்ப இருக்குத்தானே" என்றார். அம்மா கிழமைக்கு ஒரு முறையாவது முன் சீற்றில் ஏறிவிடுவார். யார் அந்த இடத்தில் இருந்தாலும் எழுப்பிவிடுவார், அண்ணியைக்கூட.

அண்ணாவின் கடைசி நாளும் வேலை நாளாகத்தான் இருந்தது. ஒரு கல்யாண வீட்டுக்குக் கதிரைகள் இறக்கிவிட்டு வந்தவர், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் கட்டிலில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நீண்ட நேரம் துன்பப்படவில்லை. அண்ணி கையைப் பிடித்திருந்தார். ஆண்டவர் அவரை அமைதியாக அழைத்துக்கொண்டார். எங்களுக்கு அது மிக அவசரமாகப் பட்டது. ஆனால் அவருடைய முகத்தில் எந்த அவசரமும் இருக்கவில்லை.

இனி நன்றிகள். செய்தி கேட்ட நேரத்திலிருந்து எங்கள் வீட்டை விட்டு நகராத ஒழுங்கை மக்களுக்கு, தமிழர் சிங்களவர் முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி, எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணாவின் கதிரைகளை அண்ணாவின் வாசலில் ஒழுங்காக அடுக்கிய இளைஞர்களுக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த சுவாமிக்கும், கீதங்கள் பாடிய பாடகர் குழுவினருக்கும், வந்தவர்களுக்குக் குறைவின்றித் தேநீர் கொடுத்த எதிர்வீட்டுக்காரருக்கும், வெளிநாடுகளிலிருந்து வந்தும் அழைத்தும் ஆறுதல் சொன்ன உறவுகளுக்கும் நன்றி. வாகனத்தைக் கழுவிக் கொடுத்து, நாங்கள் கேளாமல் வந்ததைச் சொல்ல முயன்ற அந்த இளைஞர் எங்கே இருக்கிறாரோ தெரியாது, அவருக்கும் நன்றி. மாளிகாவத்தையிலிருந்து வந்து மூன்று நாளும் எங்கள் கூடவே நின்ற ரியாஸ் நானாவை நன்றி சொல்லி அந்நியப்படுத்த விரும்பவில்லை.

மீதி இருப்பது அம்மாவுக்கு. அடக்க நாளன்று பெட்டியை அண்ணாவின் பிக்கப்பிலேயே அடக்கம் செய்யும் சேமக்காலைக்குக் கொண்டுபோவது என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். அதுதான் பொருத்தம் என்று எனக்கும் பட்டது. ரியாஸ் நானா விடியவே வந்து வாகனத்தைக் கழுவினார். பின் தட்டில் வெள்ளைத்துணி விரித்துப் பூ வைத்திருந்தார்கள். பெட்டியைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்த நேரத்தில் அம்மா எழுந்து வந்து குறுக்கே நின்றார்.

"அதில ஏத்தாதேயுங்கோ. என்ர பிள்ளை அப்பிடி ஒண்டில பின்னால இருந்து ஒருக்கால் போனது போதும்."

தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். ரியாஸ் நானாதான் முதலில் விளங்கிக்கொண்டவர். தொலைபேசியை எடுத்துக்கொண்டு அப்பால் போனார். பிரேத வாகனம் ஒன்று வரும்வரை பெட்டியை அண்ணாவின் கதிரைகள்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அது வந்ததும் அண்ணாவை அதில் ஏற்றினோம். நான் பிக்கப்பை எடுத்தேன். அம்மா எனக்குப் பக்கத்தில் முன் சீற்றில் ஏறினார். பாதை தெரிந்தவர்கள் நாங்கள், ஆகவே முன்னால் போய் வழிகாட்டுவோம் என்று வாகனத்தை நகர்த்தினேன். அம்மா என் கையைப் பிடித்தார். அவருடைய கை நேராக இருந்தது.

"நில்லு. அவன் முன்னால போகட்டும்" என்றார். பிறகு, "லயிட்டைப் போடு" என்றார்.

நல்ல வெயில். நான் லயிட்டைப் போட்டேன். கொட்டாஞ்சேனைத் தெருக்கள் வழியாக அண்ணா முன்னால் போனார். அந்த ஆமி வாகனம், விளக்குகள் எல்லாம் எரிய, அவருக்குப் பின்னால் போனது.